குடும்பத் தலைவர் என்றொரு பெட்டி

தரவுப் பதிவு என்பது அடுத்தவரின் வாழ்க்கையை, அதைவிடச் சிறிய பெட்டிகளுக்குள் மடித்து வைக்கிற தொழில். நேற்றுவரை விரலுக்குப் பழகிய இடத்தில் இருந்த பொத்தான் இன்று காலை காணாமல் போய், அதைத் தேடித் திரை முழுவதும் அலைந்தவர் யாராக இருந்தாலும் அவர் எனக்கு உறவு. 'உங்கள் வசதிக்காக மாற்றியிருக்கிறோம்' என்று ஒருவர் சொன்னவுடன் நீங்கள் வாசலைத் தேடுவீர்களென்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் பதினெட்டு வருடம் தமிழ் படிப்பித்து, முன்கூட்டியே ஓய்வெடுத்து வீட்டில் இருந்தவள். கடல் ஊருக்குள் வந்து போன மறுமாதம், ஆங்கிலமும் தட்டச்சும் தெரிந்த எவரையும் நிவாரண நிறுவனங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயின. அப்படித்தான் மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு மாடிக் கந்தோரில், வாவிக்கு முதுகைக் காட்டிக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். வீடு இழந்த குடும்பங்களைப் பதிவது வேலை. அந்தப் பதிவில் பெயர் இருந்தால் அரிசி, பருப்பு; பின்னர் திராய்மடுவில் ஒரு கல்வீடு. பக்கத்து மேசையில் காத்தான்குடியிலிருந்து வரும் பரீதா. எங்கள் இருவருக்கும் மேலே பொறுப்பாளர் சதாசிவம் சேர்.

ஐந்து பக்கம்

முதலில் இருந்த திரை சாம்பல் நிறம். அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வீட்டில் யார் யார். அடியில் 'குறிப்பு' என்று ஒரு பெரிய வெற்றிடம். அதற்குள் மனிதர்கள் சொன்னதையெல்லாம் எழுதலாம். 'கிணறு இருக்கிறது, வீடு இல்லை.' 'ஆடு மட்டும் திரும்பி வந்தது.' எட்டு மாதத்தில் அந்தத் திரை என் விரல்களுக்குப் பாடமாகியிருந்தது.

ஒரு காலை, தலைமைக் கந்தோரில் மென்பொருள் செய்யும் ருவன் என்பவர் கொழும்பிலிருந்து வந்து, புதிய திரையைச் சுவரில் காட்டினார். மெல்லிய பச்சை. ஐந்து பக்கம். மூலைகளெல்லாம் உருட்டி, குட்டிக் குட்டிப் படங்கள் போட்டு, பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. குறிப்பு எழுதும் இடம் எங்கே என்று கேட்டேன். "அதை எண்ண முடியாது, ஆகவே எடுத்துவிட்டோம்" என்றார். நல்ல மனிதர், எங்கள் முகங்களைப் பார்த்து அவருடைய முகமும் வாடிவிட்டது. சதாசிவம் சேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பாதியில் மின்சாரம் போனால்? அதுவரை அடித்தது அழியும் என்றார் ருவன். சேர் எழுந்து போய், அலுமாரியிலிருந்து கோடு போட்ட பெரிய கொப்பியொன்றை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார்.

"இதிலயும் எழுதி வைங்க மிஸ். கறண்ட் இல்லாட்டியும் திறபடுற சாமான் இது ஒண்டுதான்."

சிவப்புக் கூரை

புதிய திரையின் இடது மூலையில் ஒரு சின்ன வீட்டுப் படம் இருந்தது. சிவப்புக் கூரை, ஒரு கதவு, ஒரு யன்னல். வீட்டு விபரத்தைப் பதியும் இடம் அதுதான் என்று நாங்கள் நினைத்தோம். வீடு இழந்தவர்களைப் பதிகிற கந்தோரில் வேறெப்படி நினைப்பது? அதை அழுத்தினால் முதல் பக்கத்துக்குப் போய்விடும். போகும்போது அடித்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போகும்.

பரீதா முதல் நாளிலேயே, கல்லடியிலிருந்து வந்த ஒரு மீன்பிடிகாரரின் குடும்பத்தை நாலு தடவை கழுவினாள். பதினொரு பேருடைய பெயரையும் வயதையும் அந்த மனிதர் நாலு தடவையும் சலிக்காமல் சொன்னார். நாலாம் தடவை ஒரு பேரப்பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருந்தது. ஐந்தாம் தடவை பரீதா கண்கலங்கி, "இந்தா பாருங்க வாப்பா, இந்த வீடுதான் என்ன இந்தப் பாடு படுத்துது" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூக்கு முட்டும் மட்டும் குனிந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கு மகள். ஆனா ஒரு யன்னல்தானே வெச்சிரிக்கானுகள். கடல் எந்தப் பக்கம்?"

யார் தலைவர்

நேசமலர் நாவலடிக்காரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில், அவளுடைய தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இருந்தது. அலைக்குப் பிறகு அந்த இடத்தில் அத்திவாரமும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டி அவளுடையதல்ல. இப்போது தகரக் கொட்டிலில், புருசன் மாணிக்கத்தோடும் மகள் சுகந்தியோடும் இருக்கிறாள். சுகந்திக்குக் குருக்கள்மடத்தில் கலியாணம் பேசி, மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: கிடைக்கப்போகும் வீடு பெண்ணின் தாய் பேரில் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிற பொருள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மாணிக்கத்தின் பேரில் விழுந்தால் அவருடைய நாலு தமக்கைமாரும் தங்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பங்கு கேட்டு வந்துவிடுவார்கள். வீட்டுப் பத்திரமோ, எங்கள் பதிவில் 'குடும்பத் தலைவர்' யாரோ அவர் பேரில்தான் வரும்.

பழைய திரையில் அந்தப் பெட்டிக்குள் நேசமலர் என்று அடித்தேன், இருந்தது. புதிய திரையில் நேசமலர் என்று அடித்து, இரண்டாம் பக்கம் போய்த் திரும்பி வந்தால், மாணிக்கம் என்று இருந்தது. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் மாணிக்கம். மூன்றாம் முறை நேசமலர் புருசனை ஒரு பார்வை பார்த்தாள், ஏதோ அவர்தான் மேசைக்குக் கீழே கையை விட்டு மாற்றுகிறார் என்பது போல. அந்த மனிதர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"எனக்கு வேணாம் மிஸ்! பொஞ்சாதிட வீட்டப் பிடிச்சவன் எண்டு கேள்விப்பட்டா வாவியில ஒருத்தனும் என்னோட தோணி ஏறமாட்டான்."

கொழும்புக்கு ஒரு அழைப்பு

ருவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்குச் சிங்களம், எனக்குத் தமிழ்; ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், இருவருக்கும் அது சமமாக அந்நியம் என்பதால் சண்டை வரவில்லை. வீட்டில் வயதுக்கு வந்த ஆண் இருந்தால் திரை அவரைத் தானாகவே தலைவராக்கும் என்றும், அது பயனர்களின் நேரத்தை மிச்சப்படுத்த அவரே யோசித்துச் செய்த வசதி என்றும் சொன்னார். அந்த வசதி எங்களுக்கு வேண்டாம் என்றேன். வசதியை எடுப்பதற்கு மூன்று பேரின் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் ஜெனீவாவில் இருக்கிறார் என்றார். பிறகு, கணினிக்காரர்கள் எல்லாரும் கடைசியில் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

நிறுத்தினோம். போட்டோம். மாணிக்கம். அது யுத்தநிறுத்தம் என்று ஒன்று பேருக்கு நடந்துகொண்டிருந்த காலம்; அன்று காலையிலும் எங்கோ இரண்டு வெடிச் சத்தம் கேட்டிருந்தது. சதாசிவம் சேர் தேத்தண்ணீரை ஆற்றியபடி எட்டிப் பார்த்தார்.

"நிப்பாட்டித் திரும்பத் துடங்கினா எல்லாம் சரியாப் போயிருமெண்டா, நாம எப்பயோ நல்லா இரிந்திருக்கணுமே மிஸ்."

விருந்தினர்

வழி கண்டுபிடித்தது பரீதா. மூன்றாம் பக்கத்தில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் என்ன உறவு என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விரியும்: கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர் என்று போய், கடைசியில் 'விருந்தினர்'. விருந்தினரைத் திரை தலைவராக்காது. பரீதா அதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எங்கட ஊரிலயும் வீடு உம்மாடதானே மிஸ். எங்கட வாப்பா இண்டைக்கும் சோறாக்கிற குசினிக்க போறதெண்டா செருமிட்டுத்தான் போவார்."

மாணிக்கத்திடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத்தான் கூச்சம். ஒரு மனிதரை, அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், அவருடைய சொந்த வீட்டில் விருந்தாளியாக எழுத வேண்டும். சுற்றி வளைத்து, இது கணினிக்காக மட்டும், மனதில் வைக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு கதை? இருபத்திரெண்டு வருசமா, போட்டாத் திங்கிறன், திறந்தா வாறன். உள்ளதத்தானே எழுதுறீங்க."

அடுத்த ஆண்

மாணிக்கத்தை விருந்தினராக்கி, சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக்கு வந்தேன். குடும்பத் தலைவர் பெட்டியில் ரவீந்திரன் என்று இருந்தது. ரவி, நேசமலரின் தம்பி. கடல் வந்த அன்று அந்த வீட்டில் இருந்தவன். ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பழைய திரையில் அவன் பெயரை வீட்டாரோடு சேர்த்துப் போட்டு, காணவில்லை என்பதைக் குறிப்பில் எழுதியிருந்தேன். புதிய திரைக்குக் குறிப்பு தெரியாது. உயிருடன், இறந்தவர் என்று இரண்டுதான் தெரியும். மரணச் சான்றிதழ் இலக்கம் இல்லாத எல்லாரையும் அது உயிருடன் என்று எடுத்துக்கொண்டது. இப்போது வீட்டின் மூத்த ஆண் அவன்தான்.

நேசமலர் அந்தப் பெயரைப் பார்த்தாள். மாற்றப் போன என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொன்னாள். விட்டேன். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் திரை தானாக மூடிக்கொள்ளும். மூடிய பிறகுதான் என் கையை விட்டாள். அவள் அந்தச் சான்றிதழை எடுக்காமலே இருந்திருக்கிறாள். அடுத்த கிழமை எடுத்துக்கொண்டு வந்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள். நான் நிமிர்த்தி இலக்கத்தை அடித்தேன். பெட்டியில் நேசமலர் என்று வந்தது, அசையாமல் நின்றது.

"கடல் வந்த மார்கழிக்கு அடுத்த மாசியில அவனுக்குக் கலியாணம் மிஸ். முன்னமே முடிச்சிரிந்தா பொஞ்சாதி வீட்டுக்குப் போயிரிப்பான். நாவலடியில இரிந்திரிக்க மாட்டான்."

பதினான்கு நாள்

விருந்தினர் என்றால் இரண்டு கிழமைக்குத்தான் என்று திரைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் நாள் மாணிக்கம் தானாக அழிந்துபோனார்; அவருடைய அரிசியும் பருப்பும் அவரோடு போயின. திரும்பவும் சேர்த்தேன். திரும்பவும் பதினைந்தாம் நாள் இல்லை. அதற்குள் நிஜமான சண்டையும் தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் வந்து நிறைந்தது, சீமெந்து நின்றது, திராய்மடுவில் சுவர்கள் இடுப்பளவில் நின்றன. மாணிக்கம் மட்டும் தவறாமல் இரண்டு கிழமைக்கொருமுறை, குளித்துப் பவுடர் போட்டு, சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, தன்னை மறுபடியும் உலகத்தில் சேர்த்துக்கொள்ள வந்தார். சில நாள் கையில் நாலு இறால் இருக்கும். வாங்கக்கூடாது என்பது சட்டம். வாங்காவிட்டால் முகம் சுருங்கும். பரீதா வாங்கிவிடுவாள்.

ஒருநாள் வீதிச் சோதனையில் அவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்து, நீ யார், எங்கே இருக்கிறாய் என்று நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். வியர்த்து ஒழுகி வந்து கதிரையில் விழுந்தார். தண்ணீர் குடித்து முடித்தபின் என் திரையைக் கண்ணால் காட்டினார்.

"நான் இல்லாத ஆள் எண்டு நீங்களாவது அவனுகளுக்கு ஒரு கடிதம் தரலாமே மிஸ்."

கொழும்பு வந்து பார்த்தது

நல்ல வழி நாலு காலால் ஓடும். பரீதா தன் மச்சிக்குச் சொன்னாள். மச்சி ஏறாவூரில் வேறொரு கந்தோரில் இதே திரையின் முன்னால் இருந்தவள். கொஞ்ச நாளில், மாவட்டத்தில் ஒரு வீடு தவறாமல் ஆண் விருந்தாளிகள் நிறைந்துவிட்டார்கள். கொழும்பில் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஏமாற்று என்று தெரிந்தால் அத்தனை குடும்பங்களையும் பட்டியலிலிருந்து வெட்டுவதாகக் கடிதம் வந்தது. அன்று சதாசிவம் சேர் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. நான் நேசமலரின் பெயரைத் திரையில் திறந்து, இன்னும் இருக்கிறதா என்று அன்றைக்கே ஏழு தடவை பார்த்தேன்.

விசாரிக்க வந்தவர் ருவனேதான். அது மாணிக்கம் உயிர்பெறும் நாள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து நான் மொழிபெயர்த்தேன். நீங்கள் கணவரா, விருந்தினரா என்று கேட்டார் ருவன். இரண்டும்தான் என்றார் மாணிக்கம். வீடு எப்படிப் பெண்ணுக்கு வருகிறது, ஆண் எப்படி ஒரு பெட்டியோடு வந்து சேருகிறான், மாமியார் செத்த பிறகும் அவளுடைய கதிரையில் மருமகன் ஏன் உட்காருவதில்லை என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ருவன் எழுதுவதை நிறுத்திவிட்டார். போகும்போது என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையெழுத்துகளைத் தானே வாங்குவதாகச் சொன்னார்; ஜெனீவாவிலிருந்தும்கூட. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நானும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். தயவுசெய்து இது கொழும்புக் கந்தோருக்குத் தெரிய வேண்டாம்."

மூன்றாம் திரை

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருடம் மூன்றாவது திரை வந்தது. தலைவர் யார் என்று இனி நாங்களே தேர்ந்தெடுக்கலாம். மாணிக்கம் நிரந்தரமாகக் கணவரானார். அவர் அதைப் பதவி குறைந்த மாதிரித்தான் எடுத்துக்கொண்டார், இறாலும் நின்றது. திரையின் மற்ற எல்லாமும் இடம் மாறியிருந்தன. சேமிக்கிற பொத்தானைத் தேடி நானும் பரீதாவும் ஒரு முழு முற்பகல் அலைந்தோம். கடைசியில் அது வலது ஓரத்தில், மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பரீதா சுட்டியைக் கையிலிருந்து விட்டு, தலையில் முக்காட்டைச் சரி செய்தாள்.

"அல்லாவே, தலைவரச் சரியாக்கித் தாங்க எண்டுதானே கேட்டம், குசினிய மாத்தச் சொல்லல்லையே."

சம்மந்தியின் பார்வை

வீடு முடிந்து, பத்திரமும் வந்தது. நேசமலர் அதை மாப்பிள்ளையின் தாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மாளுக்குக் கடுதாசியில் நம்பிக்கை இல்லை. கடுதாசியை யாரும் அடிக்கலாம், கணினிக்குள் இருப்பதைத் தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டு பஸ் ஏறிக் குருக்கள்மடத்திலிருந்து வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, திரையில் ஐந்து பக்கத்தையும் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்துக்கும், வாசித்து முடித்தவள் போல 'ம்' என்று தலையாட்டினாள். பக்கத்தில் நேசமலர், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். நான் தலைவர் பெட்டியில் அம்பை வைத்து, இதுதான் நேசமலரின் பெயர் என்று வாசித்துக் காட்டினேன். சம்மந்தி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தாள்.

"எல்லாம் சரி மிஸ். இந்தப் பேர எப்ப மாத்துவீங்க?"

வெளியேறிய காரணம்

வைகாசியில் சண்டை முடிந்ததென்று வானொலி சொன்னது. ஆனியில் சுகந்தியின் கலியாணம். மேளம் வேண்டாம், வெடி வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் பேசாமலே ஒத்துப்போனார்கள். எங்கள் திட்டமும் முடிகிற நேரம். மேசைகளை லொறியில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அங்கே பதிவதற்கு இன்னும் சனம் இருந்தது. கலியாணம் முடிந்து நாலாம் நாள் நேசமலர் வந்தாள். வீட்டை மகள் பேருக்கு மாற்ற வேண்டுமாம். தானும் மாணிக்கமும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்குக் கோபமே வந்தது. இந்த ஒரு பெயரை அந்தப் பெட்டியில் நிறுத்த எத்தனை வருடம், எத்தனை திரை! பத்திரம் வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அவள், நான் ஏன் கோபிக்கிறேன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள். அம்மா தனக்குத் தந்தாள், தான் மகளுக்குத் தருகிறாள். இதற்குத்தானே மிஸ், அந்தப் பெட்டியைக் கேட்டது?

திரையைத் திறந்தேன். ஒருமுறை பதிந்த தலைவரை மாற்றுவதென்றால் இருக்கிற தலைவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறுவதென்றால் காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் மூன்றாம் திரை யாரையும் விடாது. பட்டியல் விரிந்தது. யுத்தம், கடல் அனர்த்தம், வெள்ளம், மரணம். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். நேசமலர் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு, பட்டியலின் அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"சந்தோசத்தில போறவங்களுக்கு ஒண்டும் இல்லையா மிஸ்?"

பதிவின்படி அவள் வீட்டை விட்டுப் போனது வெள்ளத்தால். அந்த ஆனியில் மட்டக்களப்பில் ஒரு துளி மழையும் பெய்யவில்லை என்பதைத் தயவுசெய்து நீங்கள் யாரும் அந்தக் கணினியிடம் சொல்லிவிட வேண்டாம்.